ஃபார்வர்டும் ஆண்டறிக்கையும்

காலையில் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு. "அந்த பேங்க் மூழ்கப் போகுது, பணத்தை எடுத்துடுங்க."

மேலே இரட்டை அம்புக்குறி, அதாவது எத்தனையோ கை மாறி வந்த சரக்கு. அனுப்பியவர் சித்தப்பா. ஆதாரம் கேட்டால், "எல்லாரும் சொல்றாங்கப்பா" என்கிறார்.

சரி என்று அந்த வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்தேன். மூலதன விகிதம் (நஷ்டம் வந்தால் தாங்க வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்ற கணக்கு), வாராக்கடன், அதற்காக எடுத்து வைத்த ஒதுக்கீடு எல்லாம் இருக்கிறது, நூறு பக்கம் தாண்டி, பொடி எழுத்தில். யார் படிப்பார்கள்?

2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கியே மூடப்பட்டது. வெறும் வதந்தி என்று சொல்லிவிட முடியாது, வட்டி ஏறியதில் அவர்கள் வாங்கி வைத்திருந்த பத்திரங்களின் மதிப்பு நிஜமாகவே சரிந்திருந்தது, ஆனால் அந்தப் பள்ளம் பல மாதங்களாக அறிக்கையில் கிடந்தது, பணத்தை எடுக்க ஓட்டம் பிடித்தது வங்கி நஷ்டத்தை அறிவித்து, ட்விட்டரில் பேச்சு கிளம்பிய பிறகுதான்.

முன்பெல்லாம் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். கால் வலிக்கும்போது கொஞ்சம் யோசிக்கவும் தோன்றும். இப்போது கட்டைவிரல் போதும்.

சித்தப்பாவுக்கு மூலதன விகிதம் இருந்த பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை, அடுத்த ஃபார்வர்டு வந்துவிட்டது.