ஒரு சாவடி, ஒரு படிவம்: முன்மொழிவு நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

என் ஆய்வு முன்மொழிவின் தலைப்பை நெறியாளர் சார் மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார். ‘இந்தியத் தேர்தல்களின் நம்பகத்தன்மை: ஓர் ஆய்வு’ என்று வைத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: “இது தலைப்பு இல்லம்மா, தலையங்கம்.”

கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்வது சரிதான். எங்கள் துறையில் தேர்தல் என்றாலே யார் யாருக்கு ஏன் ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் பேச்சு. சாதி, கூட்டணி, அலை, பணம் எல்லாம் வரும். அந்த ஓட்டு எப்படி வாங்கப்பட்டது, எப்படி எண்ணப்பட்டது, யார் எதில் எழுதி வைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் “அது நிர்வாகச் சமாச்சாரம்” என்று நகர்ந்துவிடுவார்கள்.

2000 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் வாக்குச்சீட்டில் பெயர்களை இரண்டு பக்கமும் போட்டு, குத்த வேண்டிய துளைகளை நடுவில் வைத்தார்கள். வேட்பாளர் அல் கோருக்கு என்று நினைத்துப் பலர் இன்னொரு வேட்பாளரான பாட் புக்கானனுக்குக் குத்திவிட்டார்கள். மாநிலத்தில் கடைசி வித்தியாசம் 537 ஓட்டு. அந்தச் சீட்டை வடிவமைத்தவர் சதிகாரர் அல்ல. முதியவர்கள் படிக்க எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நினைத்த ஒரு தேர்தல் அலுவலர். எனக்கு வேண்டியது இந்த ஆள்தான். இவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஜனவரி 13

சாரிடம் புளோரிடா கதையைச் சொன்னேன். “அமெரிக்காவுக்கு எதுக்கும்மா போகணும்? சுகுமார் சென் பத்திப் படி” என்றார். ஏற்கெனவே தெரிந்த விஷயந்தான், ஆனால் இந்தக் கண்ணோடு படித்ததில்லை. 1951-52 பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள்’ என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் கொடுக்காதவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சென் முடிவெடுத்தார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலுக்கு வெளியே போனார்கள். மேசையில் எடுத்த ஒரு முடிவு. அவர் பக்க நியாயம், பெயரில்லாமல் சேர்த்தால் அடுத்த முறையும் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள் என்பது. அந்த நியாயம் பலித்ததும் உண்மை, 28 லட்சம் பேர் ஓட்டுப் போடாததும் உண்மை.

ஜனவரி 21

தேர்தல் நடத்தை விதிகள் 1961. காலையிலிருந்து இதோடுதான். 49-ஆம் விதிக்கு அடியில் ஏ-யிலிருந்து எக்ஸ் வரை ஆங்கில எழுத்து வரிசை முழுக்கக் கிளை விதிகள்.

பிடித்துக்கொண்டது படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையால் நிரப்புவது. அந்தச் சாவடியின் மொத்த வாக்காளர், 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள், கையெழுத்துப் போட்டபின் ஓட்டு வேண்டாம் என்றவர்கள், விதியை மீறியதால் அனுமதிக்கப்படாதவர்கள், இயந்திரம் காட்டும் மொத்தம். பிறகு ஒரு கேள்வி: இயந்திரத்தின் எண்ணும் பதிவேட்டுக் கணக்கும் ஒத்துப்போகிறதா, வேறுபாடு உண்டா? கையொப்பமிட்ட பிரதியை அங்கே இருக்கும் வேட்பாளர்களின் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

கோடிக்கணக்கான ஓட்டுகளின் கணக்கு, காலை இருட்டிலேயே எழுந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியரின் கூட்டல் கழித்தலில் தொடங்குகிறது. இதை யாரும் ஆய்வுப் பொருளாக எடுக்காமல் விட்டது ஏன் என்று யோசித்துக்கொண்டே படுக்கப் போகிறேன்.

ஜனவரி 25

தேசிய வாக்காளர் தினம். துறையில் உறுதிமொழி, போட்டோ. 17சி பற்றி யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை.

பிப்ரவரி 9

இன்று பேசியவர் பல தேர்தல்களில் தலைமை அலுவலராக இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. பெயரை எழுதப்போவதில்லை. முதலில் “அதுல என்னம்மா இருக்கு, டியூட்டிதானே” என்றார். மாதிரி வாக்குப்பதிவு பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உண்மையான பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், ஏஜெண்டுகள் எதிரில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அதன்பின், ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கன்ட்ரோல் யூனிட்டில் வரிசையாக க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் பொத்தான்கள். ஒவ்வொரு ஓட்டையும் சீட்டாக அச்சிடும் விவிபேட்டில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். “க்ளோஸ், ரிசல்ட், க்ளியர்னு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பேன். க்ளியரை விட்டுட்டா அந்த 50-உம் நெஜ ஓட்டோட சேந்துடும். அப்புறம் ராத்திரி தூக்கம் போச்சு.”

ஒரு தேர்தலில் மாலை கணக்குப் பார்க்கும்போது பதிவேட்டில் 743, இயந்திரத்தில் 742. ஏஜெண்டுகள் பிரதிக்காகக் காத்திருக்கிறார்கள், பெட்டி எடுக்க வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. டீச்சர் பதிவேட்டை முதலிலிருந்து புரட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் அலுவலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மதியம் ஒரு பெரியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிற்க முடியாமல், ஓட்டுப் போடாமலே வெளியே போய்விட்டார். குறிப்புக் கட்டத்தில் அதை எழுதவில்லை.

“நீங்க என்ன பண்ணீங்க டீச்சர்?”

“படிவத்துல கழிச்சுக் காட்டினேன். தலைமை அலுவலர் நாட்குறிப்புல காரணத்தை எழுதினேன். ஏஜெண்டுங்க கிட்டயும் சொன்னேன். ஒருத்தர் மட்டும் நம்பல.” கொஞ்சம் நிறுத்தி, “அவர் நம்பாததுல தப்பில்ல, நான் சொன்னதுக்கு அங்க வேற ஆதாரம் ஏது?” என்றார்.

கிளம்பும்போது, “இதெல்லாம் எழுதி டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?” என்று சிரித்தார். அதே சந்தேகம் எனக்கும் உண்டு.

பிப்ரவரி 12

சாரிடம் 743-742 கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். “அந்த டீச்சரை அந்தச் சாவடிக்கு யார் அனுப்பினாங்க?” என்று கேட்டார்.

கணினிக் குலுக்கல்! தேர்தல் பணியாளர்களை மூன்று கட்டமாகக் குலுக்குகிறார்கள். முதலில் ஆட்களைத் தேர்வது, அடுத்து குழு சேர்த்துத் தொகுதி ஒதுக்குவது, கடைசியில் எந்தக் குழு எந்தச் சாவடிக்கு என்பது. முறைகேட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் ஆய்வாளர் கண்ணுக்கு அதுவே ஒரு சோதனைக்கூடம். அனுபவசாலி எங்கே போவார், புதியவர் எங்கே போவார் என்பதை யாரும் தீர்மானிக்கவில்லை என்றால், படிவத்தில் வரும் வித்தியாசத்தை ஊரின் மேல் போட முடியாது. அனுபவம், பயிற்சி, சாவடியின் கூட்டம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

கேள்வி இப்போது ஒரு வரியில் அடங்குகிறது: சாவடிக் கணக்கில் பிழை எங்கே, யாரிடம், எப்போது கூடுகிறது?

மார்ச் 4

தரவு கிடைக்குமா என்ற கவலையே இந்த வாரம் முழுக்க. 17ஏ பதிவேடும், ஓட்டுப் போட வந்தவர்களைக் குறியிட்ட வாக்காளர் பட்டியலும் முத்திரையிட்ட உறைக்குள் போகின்றன. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்கிறது விதி 93. ‘மற்ற எல்லா ஆவணங்களும்’ பொதுமக்கள் பார்வைக்கு என்று அதே விதியில் இருந்ததை, டிசம்பர் 20, 2024-ல் ‘இந்த விதிகளில் குறிப்பிடப்பட்ட’ ஆவணங்கள் என்று சுருக்கிவிட்டார்கள். 17சி விதிகளில் குறிப்பிடப்பட்டதுதானே என்று நான் வாதாடலாம். ஆனால் 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் தேர்தல் ஆணையம், அதை ஏஜெண்டுகளுக்குத் தரச் சட்டம் சொல்கிறது, மற்றவர்களுக்குத் தரச் சொல்லவில்லை என்று நின்றது.

இருக்கிற வழிகள்: கட்சிக்காரர்கள் கையில் உள்ள ஏஜெண்டு பிரதிகள், உயர் நீதிமன்றத் தேர்தல் வழக்குகளின் தீர்ப்புகள், சாவடிவாரியாக வெளியாகும் முடிவுத் தாளான படிவம் 20. கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் கிடைப்பது. சாவடிவாரி ஓட்டுகளோடு டெண்டர் ஓட்டுக்கும் (தன் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே போட்டுவிட்டதால் ஒருவர் தனியாகச் சீட்டில் போடுவது) அதில் ஒரு பத்தி இருக்கிறது.

மார்ச் 19

எழுத்து. வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 28

துறை சீனியர்கள் முன் ஒத்திகை. முதல் ஸ்லைடிலேயே ஒருவர் “அப்ப ஈவிஎம் ஹேக் பண்ணலாமா, முடியாதா?” என்று ஆரம்பித்தார். அடுத்த அரைமணி நேரம் அதுவே. தேர்தல் நடைமுறை என்று வாயைத் திறந்தால் இந்தக் கதவு வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். இயந்திரத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, அதற்குப் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது என்று இனி முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 11

குழுவின் முன் முன்மொழிவை வைத்துப் பேசி முடிந்தது. சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

சட்டத்துறைப் பேராசிரியர் எதிர்பார்த்தபடி விதி 93-ல் பிடித்தார். நான் 17ஏ-வைத் தொடவே போவதில்லை என்றதும் தணிந்தார். “ஏஜெண்டு பிரதிகளைக் கட்சிகள்ட்ட வாங்கினா, தோத்த கட்சி சந்தேகப்பட்ட சாவடிப் பிரதியைத்தான் பத்திரமா வச்சிருக்கும், இல்லையா?” என்றார். ஆமாம் சார், அதனால் அவற்றை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தாமல், பிழைகள் எந்த வகை என்று பிரிக்க மட்டும் எடுக்கிறேன் என்றேன்.

உண்மையான அடி புள்ளியியல் மேடத்திடமிருந்து வந்தது. என் முன்மொழிவில் நாத்துவாரா இருந்தது: 2008-ல் ராஜஸ்தானில் 62,216-க்கு 62,215, ஒரே ஓட்டு, டெண்டர் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாட்டின் ராதாபுரமும் இருந்தது: 2016-ல் 49 ஓட்டு வித்தியாசம், தபால் ஓட்டு உறுதிமொழிக்குத் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்ற வழக்கு, 2019-ல் மறு எண்ணிக்கை, முடிவை வெளியிடத் தடை.

“எல்லாம் நூலிழை வித்தியாசம். பிழை நடந்த இடத்தையா பார்க்கறீங்க, பிழை வழக்கான இடத்தையா?” என்று கேட்டார் மேடம்.

ஒரு நொடி திகைத்தேன். பிறகு டீச்சரின் ‘க்ளியர்’ ஞாபகம் வந்தது. மாதிரி ஓட்டு அழிக்கப்படாத, அல்லது 17சி-யோடு எண் ஒத்துப்போகாத இயந்திரத்தை எண்ணாமல் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது ஆணையத்தின் இன்றைய (2025 ஏப்ரல்) நடைமுறை. வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடிகளின் ஓட்டைவிடக் குறைவாக இருந்தால்தான் விவிபேட் சீட்டை எண்ணுவார்கள். வித்தியாசம் பெரிதென்றால், அந்தச் சாவடிக்காரர்கள் வெயிலில் நின்று போட்ட ஓட்டு யாருடைய கணக்கிலும் ஏறாது. முடிவு மாறாது, உண்மைதான். நிர்வாகத்துக்கு அது போதும். போட்டவருக்குப் போதுமா? இதைச் சொல்லிவிட்டு, பெரிய வித்தியாசம் பிழையை மறைக்கிறது, சிறிய வித்தியாசம் காட்டிக்கொடுக்கிறது, எனவே வழக்குகளை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பார்க்காமல் சாவடிகளைக் குலுக்கி எடுக்கிறேன் என்றேன். மேடம் ஏதோ குறித்துக்கொண்டார்.

விடவில்லை. “பணியாளர் குலுக்கல்ல கடைசி நாள் வராதவங்களுக்குப் பதிலா ரிசர்வ் ஆள் போவாங்களே? குலுக்கல் அங்கேயே உடையுதே?” ஒதுக்கீட்டையும் உண்மையில் போனவரையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை அவரே சொன்னார். “இயந்திரம் ஒத்துப்போகாத சாவடி ரொம்ப அரிது. அதை மட்டும் எண்ணினா நீங்க குலுக்கி எடுக்கற சாவடிகள்ல ஒண்ணுமே சிக்காது” என்றார். அடித்தல் திருத்தல், நிரப்பாத கட்டம், கூட்டல் பிழை எனப் படிப்படியாக அளக்கலாம் என்று முடிவானது.

கடைசிக் கேள்வி சட்டப் பேராசிரியருடையது. நான் கண்டுபிடிக்கும் பிழையை நாளை ஒருவர் மோசடி என்று தலைப்புச் செய்தி போட்டால்? அடித்தல் திருத்தலை எண்ணும்போதே, அது எந்த வேட்பாளருக்காவது சாய்கிறதா என்பதையும் சோதித்து இரண்டையும் ஒரே அட்டவணையில் வெளியிடுவேன் என்றேன். “சாய்ஞ்சா?” என்றார். “சாய்ஞ்சா அதையும் எழுதுவேன் சார்.”

நிபந்தனைகளோடு ஒப்புதல்.

ஏப்ரல் 16

திருத்திய படி அனுப்பியாயிற்று. தலைப்பு: ‘சாவடிக் கணக்கும் அலுவலரும்: வாக்குப்பதிவுப் பிழைகளின் நிர்வாகக் காரணிகள்’. சார் பென்சிலை எடுக்கவில்லை.

நாத்துவாராவும் ராதாபுரமும் அறிமுக அத்தியாயத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டன. நாளை முதல் படிவம் 20-ஐ இறக்கி, சாவடி சாவடியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பாதிக்கு மேல் ஸ்கேன் செய்த பக்கங்கள், சில சாய்ந்து கிடக்கின்றன. டீச்சருக்குப் போன் செய்து தகவலைச் சொன்னேன். அடுத்த தேர்தலில் அவருக்கு டியூட்டி வந்தால், படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.