நெல் பற்றுச்சீட்டை டொட் நெட்டுக்கு மாற்றிய அனுபவம்

கிளிநொச்சியில் நெல் வாங்கும் ஆலை ஒன்றின் பழைய விஷுவல் பேசிக் 6 புரோகிராமை, மைக்ரோசொஃப்டின் அடுத்த தளமான டொட் நெட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். திரையில் எல்லாம் ஒழுங்காக வந்தது. கட்டம் போட்டு ஏற்கெனவே அச்சடித்த பற்றுச்சீட்டில்தான் சிக்கல்: கிலோவும் ரூபாயும் வலப்பக்கக் கோட்டை ஒட்டி நிற்காமல் ஆளுக்கொரு இடத்தில் நின்றன. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்ததைக் கொடுத்துவிட்டுக் கமக்காரர் கையில் வாங்கிப்போகிற அத்தாட்சி அந்தத் துண்டுதான். அதில் தொகை தெளிவாக நிற்க வேண்டும்.

பழைய புரோகிராம் ட்விப் என்ற அலகில் கணக்கிடும்; அங்குலத்துக்கு 1440 ட்விப். டொட் நெட்டில் பிரிண்டர் பக்கத்தின் அலகு அங்குலத்தில் நூறில் ஒன்று. 14.4 ஆல் வகுத்ததும் இடங்கள் பொருந்தின, அகலம் பொருந்தவில்லை. எழுத்தின் அகலத்தை அளக்கும் மெஷர்ஸ்ட்ரிங் இரு புறமும் கொஞ்சம் இடைவெளி சேர்த்தே அளவு தரும். ஆனால் கடைசியில் இருக்கும் ஸ்பேஸைக் கணக்கில் எடுக்காது. பழைய புரோகிராமோ தொகைக்குப் பின்னால் ஸ்பேஸ் போட்டே சமாளித்திருந்தது. அந்த இடைவெளி சேர்க்காத ஜெனரிக் டைப்போகிராஃபிக் என்ற அமைப்பை நகலெடுத்து, கடைசி ஸ்பேஸையும் அளக்கச் சொல்லும் மெஷர்ட்ரெய்லிங்ஸ்பேசஸையும் சேர்த்து, அளக்கும்போதும் வரையும்போதும் அதையே கொடுத்தேன். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் திரும்பவும் பழைய கதைதான். பக்கம் தொடங்குமுன் அளவு வேண்டுமென்றால் திரையின் கிராஃபிக்ஸை நம்பாதீர்கள். பிரிண்டரின் கிராஃபிக்ஸிலேயே அளக்க, பிரிண்டர்செட்டிங்ஸில் கிரியேட்மெஷர்மென்ட்கிராஃபிக்ஸ் இருக்கிறது.

பெரும்பாடு தமிழில்தான். பழைய பட்டியல் முழுக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது. அதில் ‘மொ’ என்றால் கொம்பு, ம, அரவு (ா) என்று மூன்று தனி எழுத்து; ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால் கணக்குச் சரி. புதியதில் பயன்படும் யூனிகோடில் ம-வுக்குப் பின்னால் ‘ொ’ ஒரே குறியாக வரும். அதைத் தனியே அளந்தால், கொம்புக்கும் அரவுக்கும் நடுவே தோன்றும் புள்ளி வட்டமும் அகலத்தில் சேர்ந்துவிடும். அதனால் மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லின் பெயர் கட்டத்துக்குள் தாராளமாக அடங்கியும், புரோகிராம் அதைப் பாதியில் வெட்டியது. எழுத்தெழுத்தாகக் கூட்டும் லூப்பை எடுத்துவிட்டேன். இப்போது டொட் நெட்டில் உள்ள ஸ்ட்ரிங்இன்ஃபோ மூலம் முழு எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் சொல்லின் தொடக்கத்திலிருந்தே அளக்கிறேன். கொம்பு தனியே பிரிந்து அடுத்த வரிக்குப் போவதும் இதோடு நின்றது.

தொகைகளுக்கோ பிறகு அளவே எடுக்கவில்லை. பின்னாலிருந்த ஸ்பேஸ்களை நீக்கி, அலைன்மென்டை ஃபார் (வலப்பக்க ஓரம்) என்று வைத்து, வரையும்போது கட்டத்தின் செவ்வகத்தையே கொடுத்துவிட்டேன். புதிதாக மாற்றுகிறவர்கள் தொகைகளை முதலில் இப்படிச் செய்துவிட்டு, பெயர்களுக்கு மட்டும் அளவெடுங்கள். பாதி வேலை குறையும்.