மியூனிக்கிலும் அட்டைகள்தான்

தமிழ்நாட்டில் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு ஜெர்மனி வந்தவள் நான். மகளின் வகுப்பறை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாரத் திட்டத் தாள் கிடைக்கிறது. எதை முதலில் முடிப்பது என்பது பிள்ளையின் விருப்பம். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து, கணக்கைப் போட்டு, பின்பக்க விடையோடு தானே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

நம் செயல்வழிக் கற்றலேதான்! 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது அது. பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணி, அட்டைகள், தரையில் பாய், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகை, ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்பும் ஒரே அறையில் என்று நாங்கள் படாத பாடு பட்டோம். ‘பள்ளிக்கூடத்தில் சீட்டு விளையாடுகிறார்கள்’ என்று சொல்லி, பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு மாற்றியவர்கள் உண்டு. இங்கே ஐ.டி. வேலைக்கு வந்த நம்மவர்கள் அதே அட்டைகளைப் பார்த்து மெய்சிலிர்க்கிறார்கள்.

என்னை மெய்சிலிர்க்க வைத்தது வேறு. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கு அரையாண்டுச் சான்றிதழுக்குப் பதிலாகப் பல பள்ளிகள் ஒரு உரையாடல் வைக்கின்றன. ஆசிரியை பேசுவது பிள்ளையிடம். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், அவ்வளவுதான். மகள் தன்னைத் தானே மதிப்பிட்டு நிரப்பிய தாள் மேசையில் இருந்தது. ‘கை தூக்கிப் பேசுகிறேன்’ என்ற வரிக்கு நேரே கடைசிக் கட்டத்தில் வண்ணம் தீட்டியிருந்தாள். ‘அமைதியான பிள்ளை’ என்பது நம் ஊரில் பாராட்டு. இந்த ஆசிரியையோ, ‘ஏன் பேசுவதில்லை? அடுத்த மாதத்துக்குள் என்ன முயற்சி செய்யலாம்?’ என்று கேட்டார். மகள் நெடுநேரம் யோசித்து, ‘தினமும் ஒரு முறை’ என்றாள். அதையே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இடையில் புகுந்து பதில் சொல்ல என் நாக்கு துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும்.

இத்தனை மென்மையாக நடத்திவிட்டு, நான்காம் வகுப்பில், அடுத்து எந்த வகைப் பள்ளி என்று பிரிக்கச் சல்லடையை எடுக்கிறார்கள். இங்கே 1 என்பதுதான் சிறந்த மதிப்பெண். ஜெர்மன், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றின் சராசரி 2.33க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேராகக் கொண்டுபோகும் கிம்னாசியும், 2.66 வரை இடைநிலையான ரியால்ஷூலே, மற்றவர்களுக்குத் தொழில் பயிற்சியை நோக்கிய மிட்டல்ஷூலே. மே மாதத் தொடக்கத்தில் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது அதிகம் என்பேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பாடத்திட்டம் இருக்கும் நாடு இது. பெர்லினில் தொடக்கப் பள்ளியே ஆறு ஆண்டுகள். அங்கே இருந்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு மூச்சுவிட்டிருக்கலாம்.

ரியால்ஷூலே முடித்து, ஃபாக்ஓபர்ஷூலே என்ற தொழில்சார் மேல்நிலைப் பள்ளி வழியாகவும் உயர்கல்விக்குப் போகலாம் என்று கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. மகள் இன்னும் மூன்றாம் வகுப்புதான். அவர் இப்போதே டியூஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.