வேறு ஏதாவது இருக்கிறதா?

நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்துக்கு வந்த ஓர் அம்மையார் கேட்டது மூன்றே சொற்கள். "வேறு ஏதாவது இருக்கிறதா?"

"முக்கியமாக எதுவும் இல்லை" என்று சொன்னேன். நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அந்தப் பதில் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அவர் கேட்டிருந்தது 1926 ஆம் ஆண்டின் சபைக் கோப்பு. நெதர்லாந்தின் ஆசென் நகரில் சீர்திருத்தச் சபைகளின் சினாடு, அதாவது பேரவை, கூடிய ஆண்டு அது. ஏதேன் தோட்டத்துப் பாம்பு கண்ணுக்குத் தெரியும்படி, காதுக்குக் கேட்கும்படி உண்மையாகவே பேசியது என்பதை ஏற்றுக் கையெழுத்திடுமாறு ஆம்ஸ்டர்டாம் போதகர் ஹேல்கெர்கெனிடம் கேட்டார்கள். மனிதனின் வீழ்ச்சியை அவர் மறுக்கவில்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தை வேறு விதமாக வாசிக்கவும் இடம் வேண்டும் என்றுதான் நின்றார். மார்ச்சில் பதவி பறிபோனது. அவர் பக்கம் நின்றவர்கள் தனிச் சபையானார்கள். ஒரு பாம்புக்காகவா இவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்தச் சபைகளின் பெருந்தலைவர் ஆபிரகாம் கைப்பர் இறந்து ஆறு ஆண்டுகூட ஆகாத காலம் அது. அவர் எழுப்பிய உலகில் பள்ளி, பத்திரிகை, கட்சி எல்லாம் சபையோடு பின்னிக் கிடந்தன. சபையை இழந்தவன் பாதி ஊரை இழந்தான்.

அம்மையாரின் தாத்தா சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர், அதன் செயலர். தாத்தாவின் தம்பி ஹேல்கெர்கென் பக்கம். தம்பி தானாகவே விலகினார், அண்ணன் சாகும்வரை அதை நினைத்து வருந்தினார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. கோப்பிலிருந்த உறுப்பினர் பதிவேடும் அதையே சொன்னது. தம்பியின் பெயரின்மேல் அடிக்கோல் வைத்து இழுத்த ஒரு கோடு. அருகே தாத்தாவின் கையெழுத்தில் "தானே விலகினார்". அம்மையார் தாளில் படாமல் அந்தக் கோட்டின்மேல் விரலை நகர்த்தினார். "அம்மா சொன்னது சரிதான்" என்றார்.

பதிவேட்டுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. நான்காக மடித்தது, மடிப்பில் கிழியத் தொடங்கியது. காலையில் கோப்பை எடுத்து வைக்கும்போதே படித்திருந்தேன். தம்பி மூப்பர்களுக்கு எழுதியது. விலகுகிறேன் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஈஸ்டர் வரை பொறுங்கள் என்று கேட்டிருந்தார். பதிவேட்டில் கோடு விழுந்தது இரண்டு நாள் கழித்து.

பழைய கையெழுத்து என்பதால் அம்மையார் அதைப் புரட்டிக் கடந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் என்னைக் கேட்டார்.

எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை, விளக்குவது அல்ல. கோப்பு முழுவதும் அவர் மேசையில்தான் இருந்தது. நான் எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டாரே! கேட்காதவரிடம் சொல்லாமல் இருப்பது வேறு.

அண்ணன் பொய் எழுதினார் என்று துணியவும் முடியவில்லை. அந்த இரண்டு நாளில் தம்பி நேரில் வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை என்று போனால் பெயர் பிரசங்க மேடையில் வாசிக்கப்படும். அதிலிருந்து காப்பாற்றவே அப்படி எழுதினாரோ? நான் டச்சு மொழியை முப்பது வயதுக்கு மேல் கற்றவன். "பொறுங்கள்" என்ற சொல்லை மூன்று முறை அகராதியில் பார்த்தேன். பொருள் மாறவில்லை.

ஆசென் முடிவு இனிக் கட்டுப்படுத்தாது என்று 1967 இல் சினாடு தீர்மானித்ததை மட்டும் அவரிடம் சொன்னேன். "அப்போது இருவருமே உயிரோடு இல்லை" என்றார்.

கடிதத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன். அவர் முகவரி வருகைப் படிவத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுத மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.