குதிரை வீரனுக்குப் பேர் தேடுற நாட்குறிப்பு

நவம்பர் 3, ஞாயிறு

விடிஞ்சதுல இருந்து மழை, கூடவே மஞ்சு, எதிர்ல நிக்கிற சில்வர் ஓக் கூட தெரியல. ஹோம்ஸ்டேல ஒரே ஒரு ஃபேமிலி, அவங்களும் போர்வைக்குள்ள. சரின்னு என் ஃபேண்டசி தொடரை எடுத்தேன். மேப் இருக்கு, கோட்டை இருக்கு, வில்லன் கூட ரெடி, ஆனா நைட்டுங்க (ஐரோப்பாவுல பட்டம் வாங்குன குதிரை வீரங்க) மட்டும் இன்னும் ‘நைட் 1, நைட் 2’ன்னே கெடக்குறாங்க. அக்கா மகன் கிட்ட கேட்டா சர் டிராகன், சர் பிளேடுன்னு அடுக்குறான். டேய், நைட்டுக்கு முன்னாடி சர்னு போட்டா பின்னாடி சொந்தப் பேரு வரணும்டா, குடும்பப் பேரை மட்டும் ஒட்டக்கூடாது, நம்ம கொடைக்கானல் ஏரியை 1863ல உண்டாக்குன வேர் லெவிஞ்சைக் கூட சர் லெவிஞ்ச்னு சொல்லக்கூடாது, சர் வேர்னு தான் சொல்லணும்னேன். “அப்ப கணக்கு சாரை மட்டும் ஏன் மாமா பேரே இல்லாம சார்ங்கறோம்”னான். பஜ்ஜியக் குடுத்து அனுப்பிட்டேன்.

நவம்பர் 6, புதன்

சர் வேணாம். நைட்டுங்க சிஸ்டம் மட்டும் எனக்குப் புடிச்சிருக்கு: 7 வயசு வாக்குல எடுபிடிப் பையனா போறது, 14ல ஸ்குவயர் (நைட்டுக்கு உதவியாளா இருந்து பழகுறவன்), 21 வாக்குல நைட், அப்புறம் அப்பன் நைட்டுங்கறதுக்காக மகன் தானா நைட் ஆகிட முடியாது, அவனும் வாங்கணும். பட்டம் மட்டும் நம்மூருது, ஏனாதி. ராஜா கையால மோதிரம் போட்டு படைத்தலைவனுக்குக் குடுத்த பட்டம். சோழிய ஏனாதி திருக்கிள்ளின்னு ஒருத்தரு, புறநானூறு 167ல அவரைப் பாடிருக்காங்க, உடம்பெல்லாம் வாள் தழும்பு, உன்னப் பத்திக் கேக்க நல்லாருக்கு, கண்ணால பாக்கத்தான் நல்லால்லன்னு புலவர் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு!! எதிரிங்க எல்லாம் புறமுதுகு காட்டி ஓடுனதால தழும்பே இல்லாம அழகா இருக்காங்களாம். என் மூத்த ஏனாதிக்கு முகம் கெடச்சிருச்சு.

கல்வெட்டுல வர்ற மத்த பட்டம் நெறைய இருக்கு, பிரம்மராயன், பல்லவரையன், மழவராயன்னு சும்மா கம்பீரமா இருக்கும். ஆனா அதுல பாதி இன்னைக்கும் குடும்பப் பட்டமா ஓடிட்டு இருக்கு, வில்லனுக்கு ஒண்ண வச்சேன்னா கதையப் பத்தி ஒருத்தன் பேச மாட்டான், சாதிச் சண்டை தான் நடக்கும். தொடல.

நவம்பர் 10, ஞாயிறு

வெயில். ஏரிக்கரைல குதிரைக்கார அண்ணன் கூட டீ. கதைல வர்ற குதிரைக்கு ‘மின்னல்வேகன்’னு வச்சிருக்கேன்னேன், சிரிச்சாரு. “தம்பி, வளைவுல வண்டி வருது, குதிரை மெரளுது, அப்ப அம்புட்டு நீளமா கூப்பிடுவியா? ரெண்டெழுத்துல வை. போட்டோல எழுதுறதுக்கு வேணா பெருசா வச்சுக்க.” இது குதிரைக்கு மட்டும் இல்ல, ஆளுக்கும் தான். சண்டை நடுவுல கூட்டாளி கத்துறதுக்கு ஒரு பேரு, அரண்மனைல ஏவலாள் வாசிக்க ஒரு பேரு. மாறன், கிள்ளி, ஓரி, எல்லாமே கத்துற பேரு தான பாருங்க. அதனால கூப்பிடுற பேரு சின்னது, ஒவ்வொண்ணும் வேற வேற எழுத்துல ஆரம்பிக்கணும் (வல்லவன் வளவன் வழுதி மூணு பேரும் ஒரே சீன்ல வந்தா நானே கொழம்புவேன்). பெண் ஏனாதிக்கு நீலி. கூக்கால் கிராமத்துல இருந்து வர்றவன் ஓரி.

அப்புறம் ஒரு ஐடியா, ராத்திரி தூக்கமே வரல. குறிஞ்சி பூக்குற வருசம் மட்டும் தான் புது ஏனாதிக்கு மோதிரம். கடைசியா 2018ல பூத்துச்சு, அடுத்தது 2030, நடுவுல எவ்ளோ பெரிய வீரனா இருந்தாலும் காத்துக் கெடக்கணும். முப்பது வயசு ஸ்குவயர் இருப்பான், கடுப்போட. சீனியாரிட்டியும் அதுலயே வந்துரும், “நான் மூணாம் பூவுல வாங்குனவன்டா, தள்ளு”.

நவம்பர் 12, செவ்வாய்

கரண்ட் இல்ல. எழுதல.

நவம்பர் 17, ஞாயிறு

பட்டத்துல யாரு வச்சாங்கங்கறதும் எப்ப வச்சாங்கங்கறதும் தெரியணும், இல்லேன்னா அது வெறும் அலங்காரம். கங்கைகொண்டான்னா அது தானே வச்சுக்கிட்டது, பெருமை. ஆனா இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் இருக்காரே, ‘பிளாக் பிரின்ஸ்’, அவரு செத்தது 1376, அந்தப் பேரு எழுத்துல வர்றதே 1500களுக்கு மேல தான். உயிரோட இருந்தப்ப யாராச்சும் அப்படிக் கூப்பிட்டுருந்தா திரும்பிக் கூட பாத்திருக்க மாட்டாரு. நம்மாளுங்க இன்னும் ஒரு படி மேல, செத்த எடத்தையே பேருல சேத்துட்டாங்க. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் (துஞ்சியன்னா செத்துப்போன). கொப்பம் சண்டைல 1054ல யானை மேலயே உயிர விட்ட ராஜாதிராஜன், கல்வெட்டுல ஆனைமேல் துஞ்சின தேவர்.

அதனால மூத்தவருக்கு மொத அத்தியாயத்துலயே வச்சுட்டேன்: பாலத்தில் துஞ்சிய ஏனாதி மாறன். கதைல இருக்குற யாருக்கும் அந்தப் பேரு தெரியாது, அவருக்கும் தெரியாது, கதை சொல்றவனுக்கும் படிக்கிறவங்களுக்கும் மட்டும் தான் தெரியும். மருமகன் படிச்சுட்டு “மாமா, அவரு சாகறத மொதல்லயே சொல்லிட்டா எப்படி”ன்னு ஒரே சண்டை. எங்க சாவாருன்னு தான்டா சொன்னேன், எப்பன்னு சொன்னேனா, கதைல எத்தன பாலம் வருதுன்னு எண்ணிப் பாருன்னேன். ஒக்காந்து மேப்ப விரிச்சு எண்ணிட்டு இருக்கான்.

நீலிக்கு இன்னும் பட்டம் வைக்கல. அவளுக்கு எதிரிங்க தான் பேரு வைக்கணும், பயந்து போயி வச்ச பேரா இருக்கணும், அதுக்கு மொதல்ல அந்தக் கணவாய்ச் சண்டைய எழுதி முடிக்கணும்.