யூதர் பட்டியலா, அரபுப் பட்டியலா? மகளை இருமொழிப் பள்ளியில் சேர்த்த எட்டு மாதம்

“இது உங்கள் குழந்தைதானா? பெயர் ஒத்துப்போகவில்லையே.”

மாநகராட்சி அலுவலகக் கவுன்டரில் இந்தக் கேள்வி வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாலு வயது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், அப்படியே என் சாயல். கிளார்க் பார்த்ததோ மூன்று பாஸ்போர்ட்டுகளை. மகளின் கடைசிப் பெயர் அவள் அப்பாவின் பெயர். அவருடைய கடைசிப் பெயர் என் மாமனாரின் பெயர். என்னுடையது என் அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ‘குடும்பப் பெயர்’. ஊரில் இனிஷியலோடு முடிந்துவிடுகிற விஷயம் இஸ்ரேலில் எங்களுக்கு ஒரு முழுக் காலையைத் தின்றது.

கணவர் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சியாளர்). யூதர்களும் அரபு மக்களும் சேர்ந்து வாழும் கலப்பு நகரம் ஒன்றில் இருக்கிறோம். ஆராய்ச்சிக்கு என்று குடும்பத்தோடு வரும் நம்மவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊர், பள்ளி, அலுவலகம் எதன் பெயரையும் போடவில்லை.

இங்கே பள்ளிகள் தனித்தனி. யூதப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு வழி அரசுப் பள்ளி, மதம் சார்ந்த அரசுப் பள்ளி, தீவிர மரபுவாதிகளுக்கு வேறு. அரபுப் பிள்ளைகளுக்கு அரபு வழிப் பள்ளி. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. ஆனாலும் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் முதன்முதலாக உட்காருவது பெரும்பாலும் கல்லூரியில்தான். கணவரின் ஆய்வகத்தில் படிக்கும் யூத மாணவி ஒருத்தி, “எங்கள் ஊருக்கும் அடுத்த அரபு ஊருக்கும் பஸ்ஸில் பத்து நிமிஷம். ஆனால் கல்லூரிக்கு வரும்வரை எனக்கு ஒரு அரபுத் தோழிகூட இல்லை” என்றாள். அன்றைக்கே, இரு தரப்புப் பிள்ளைகளும் ஹீப்ருவிலும் அரபியிலும் சேர்ந்து படிக்கும் இருமொழிப் பள்ளிதான் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

அப்படிப்பட்ட பள்ளிகள் மிகக் குறைவு. நெவே ஷாலோம் என்று ஹீப்ருவிலும் வாஹத் அஸ்-ஸலாம் என்று அரபியிலும் அழைக்கப்படும் கூட்டுக் கிராமத்தில் 1984-இல் முதலாவது தொடங்கியது. அமீன் ஹலஃப், லீ கார்டன் என்ற இருவர், ஒருவர் அரபு, ஒருவர் யூதர், ‘யாத் பெயாத்’ அமைப்பைத் தொடங்கினார்கள். கைகோத்து என்று பொருள். 1998-இல் ஜெருசலேமிலும் கலிலேயாவிலும் அவர்களுடைய முதல் இரண்டு பள்ளிகள் திறந்தன. அப்புறம் வாதி ஆரா, ஹைஃபா, யாஃபா என்று பரவியது. பீர் ஷெவாவில் ஹாகர் அமைப்பின் பள்ளி இருக்கிறது. எல்லாம் சேர்த்தாலும் நாட்டின் மாணவர்களில் நூற்றில் ஒருவர்கூட இவற்றில் படிக்கவில்லை.

சரி, பதிவுக்கு வருகிறேன். பாலர் பள்ளிப் பதிவு ஜனவரியில் திறக்கிறது. மூன்று வயதிலிருந்து இலவசம், எல்லாம் ஆன்லைன். ஆனால் அந்தத் தளம் முதலில் கேட்பது ஒன்பது இலக்க அடையாள எண். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு அந்த எண் கிடையாது. பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் பக்கம் சிவப்பாகி அங்கேயே நின்றுவிடும். இரண்டு ராத்திரி போராடிய பிறகுதான், பாஸ்போர்ட்காரர்கள் மாநகராட்சி அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும் என்று பல்கலைக்கழக வெளிநாட்டினர் அலுவலகத்தில் சொன்னார்கள். இதை முதல் நாளே அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

நேரில் போனால் கதவு பூட்டியிருக்கிறது. அன்று புதன்கிழமை. பொதுமக்களைப் பார்ப்பது வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில், சில மணி நேரம் மட்டும்தான். அதுவும் கதவில் ஹீப்ருவில் மட்டுமே எழுதியிருந்தது. 2018 வரை அரபியும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. அந்த ஆண்டு வந்த சட்டம் ஹீப்ருவை மட்டும் ஆட்சிமொழியாக்கி, அரபிக்குச் ‘சிறப்புத் தகுதி’ என்று வைத்துவிட்டது. கையில் குழந்தையோடு அந்தக் கதவின் முன் நின்ற இன்னொரு பெண், தலையில் ஹிஜாப் அணிந்தவர், அதைப் படித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். “நாளைக்கு எட்டரைக்கு வா. எட்டுக்கே வந்து டோக்கன் எடு.” அவரும் மகனை அதே பள்ளியில் சேர்க்கத்தான் வந்திருந்தார்.

மறுநாள் எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி அவர் நின்றிருந்தார். நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி வந்தது அப்போதுதான். எங்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான ‘அப்போஸ்தில்’ முத்திரையைச் சென்னையிலேயே போட்டு வாங்கி வந்திருந்தோம். அதில் அம்மா, அப்பா பெயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசிப் பெயர் ஏன் மாறுகிறது என்பது கிளார்க்குக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஹீப்ருவில் “அப்பா பெயர், அப்பா பெயர்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அவர் மானிட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

வரிசையிலிருந்து அந்தப் பெண் முன்னால் வந்தார். “ஹபீப்தி (கண்ணே), காட்டு” என்று பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது அவருக்கு. அரபு வழக்கிலும் தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அதற்குப் பின்னால் தாத்தா பெயர்தானே. கிளார்க்கிடம் சரளமான ஹீப்ருவில், மகளின் பாஸ்போர்ட்டில் ஒரு விரலும் கணவரின் பாஸ்போர்ட்டில் ஒரு விரலும் வைத்து, இந்தப் பெயர் இங்கே, அந்தப் பெயர் அங்கே என்று விளக்கினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முத்திரை விழுந்தது. கிளார்க் கெட்டவர் இல்லை. அவருக்கு அப்படி ஒரு பெயர் முறை இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். அரபு மக்கள் இத்தனை பேர் வாழும் ஊரில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

போவோருக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பிறப்புச் சான்றிதழுக்கு நோட்டரி கையெழுத்திட்ட ஹீப்ரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டார்கள். நோட்டரி கட்டணம் அரசு வைத்தது, சொல் கணக்கில் ஏறும், பேரம் நடக்காது. நம் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலப் பகுதியை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், நாங்கள் முழுதாகக் கொடுத்து வீணாகச் செலவழித்தோம். கடைசியில் அந்தத் தாளை யாருமே கேட்கவில்லை என்பது இன்னொரு எரிச்சல். ‘எழுத்து மூலம் ஒரு பட்டியல் கொடுங்கள்’ என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி வேலை சுலபமாக முடிந்தது. நம் ஊர் அட்டையை நர்ஸ் பார்த்து, விடுபட்ட ஹெபடைட்டிஸ் ஏ, சின்னம்மை ஊசிகளைப் போட்டு அனுப்பினார்.

மாநகராட்சிப் பதிவு போக, பள்ளிக்கென்று தனியாக ஒரு படிவம் உண்டு. அதற்கு முன் பெற்றோர் போய்ப் பார்க்க ஒரு நாள் வைத்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியைகள், ஒருவர் யூதர், ஒருவர் அரபு. ஒருவர் ஹீப்ருவிலேயே பேசுகிறார், மற்றவர் அரபியிலேயே பேசுகிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்ப்பதில்லை. அரபு ஆசிரியை எலுமிச்சம்பழம் ஒன்றைத் தூக்கிக் காட்டி “லைமூன்” என்றார். ஹீப்ரு ஆசிரியை அதை வாங்கி முகர்ந்து “லிமோன்” என்றார். சூரியன் படம் வந்தது. ஷம்ஸ், ஷெமெஷ். பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்துகிறார்கள். என் மகள் என் மடியிலிருந்து நழுவி இறங்கி, கேட்காமலேயே அந்த வட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

1948 பற்றி ஒரு அப்பா கேட்டார். யூதக் குடும்பங்களுக்கு அது நாடு பிறந்த ஆண்டு. அரபுக் குடும்பங்களுக்கு அது நக்பா, வீடும் ஊரும் பறிபோன பேரழிவு. எங்கள் பிள்ளைகளிடம் எதைச் சொல்வீர்கள் என்றார். மூத்த ஆசிரியை, சின்னவர்களிடம் அவரவர் வீட்டில் அனுசரிக்கும் நாட்களை மதிக்கச் சொல்லிக்கொடுப்போம், பெரிய வகுப்புகளில் இரண்டையும் பேசுவோம், ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்ல மாட்டோம் என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

இனிதான் பெரிய சிக்கல். பள்ளிப் படிவத்தில் ‘வீட்டு மொழி: ஹீப்ரு, அரபி, மற்றவை’ என்று இருந்தது. வகுப்பில் இரு தரப்பும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள், அதனால் காத்திருப்புப் பட்டியலும் இரண்டு. யூதர் பட்டியல் சின்னது, அரபுப் பட்டியல் மிக நீளம். “ஹீப்ரு என்று போட்டுவிடுங்களேன், சீக்கிரம் கிடைக்கும்” என்று அலுவலகத்தில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நானும் கணவரும் அன்றிரவு வெகுநேரம் பேசினோம். பொய் எழுதி இந்தப் பள்ளிக்குள் நுழைவது இருவருக்கும் ஒப்பவில்லை. ‘மற்றவை: தமிழ்’ என்று எழுதிக் கொடுத்தோம்.

ஏப்ரல் வரை ஒரு தகவலும் இல்லை. போன் செய்தால், எங்கள் மகள் பெயரே இல்லை என்கிறார்கள். விசாரித்தால், ‘மற்றவை’ என்று வந்த படிவத்தை எந்தப் பட்டியலில் ஏற்றுவது என்று தெரியாமல், எதிலும் ஏற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் ஒரு ஃபைலுக்குள் கிடந்திருக்கிறாள் என் பிள்ளை. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. பொறுப்பாசிரியை மன்னிப்புக் கேட்டார். எந்தப் பட்டியலிலாவது ஆள் தீர்ந்து இடம் மிஞ்சினால் இவளுக்கு என்று எழுதிக் கொடுத்தார். படிவம் கொடுத்த நாளிலேயே அது வந்து சேர்ந்ததற்கு ஒரு மெயில் வாங்குங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.

இடையில் ஊரிலிருந்து மாமியாரின் போன். போர்ச் செய்திகளைப் பார்த்தே பாதி உயிர் போகிறது அவருக்கு. இதில் 2014 நவம்பரில் ஜெருசலேம் இருமொழிப் பள்ளிக்குத் தீ வைத்த செய்தியை யாரோ காட்டிவிட்டார்கள். “ஏம்மா, ரெண்டு பக்கமும் அடிச்சுக்கற இடத்துல, நடுவுல கொண்டுபோய்ப் பிள்ளையை நிறுத்தணுமா?” என்றார். அந்தச் செய்தி உண்மைதான். ஒன்றாம் வகுப்பு அறை எரிந்தது, சுவரில் அரபு மக்களுக்கு எதிராக எழுதி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஜூனில், எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள ஹீப்ரு பாலர் பள்ளியில் இடம் ஒதுக்கி மாநகராட்சிக் கடிதம் வந்தது. இதை மட்டும் கவனியுங்கள்: அந்த இடத்தை அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இருமொழிப் பள்ளி கிடைக்காவிட்டால் பிள்ளைக்குப் போக இடம் வேண்டும். நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தோம்.

செப்டம்பர் 1 அன்று பள்ளி திறக்கிறது. ஆகஸ்ட் 29 மத்தியானம் போன் வந்தது. ஒரு யூதக் குடும்பம் வேறு ஊருக்குப் போகிறது, அந்தப் பட்டியலில் இனி யாரும் இல்லை, இடம் உங்கள் மகளுக்கு. அழுதுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வரிசையில் உதவிய அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. அவர் மகன் அரபுப் பட்டியலில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தான். யூதர் பக்கம் காலியான இடம் அவனுக்குப் போகாது. எனக்கு யாரையும் பார்க்கவே கூசியது. அவருக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எடுத்துக்கோ. நீ வேண்டாம் என்றாலும் அது அவனுக்கு வராது, சும்மாதான் கிடக்கும்” என்றார்.

பாதிக்குப் பாதி வேண்டும் என்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. அது இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் அது இன்னொரு ஒருமொழிப் பள்ளி ஆகிவிடும். ஆனால் பள்ளிகள் போதுமான அளவு இருந்தால் அந்தப் பையனை வெளியே நிறுத்த வேண்டி வராதே.

மகள் இப்போது மூன்று மாதமாகப் போகிறாள். விளையாட்டு மூலையில் எல்லாரும் ஹீப்ருதான் பேசுகிறார்கள். அரபுப் பிள்ளைகள் வேகமாக ஹீப்ரு பிடித்துக்கொள்கிறார்கள், யூதப் பிள்ளைகள் அரபி புரிந்துகொண்டு ஹீப்ருவில் பதில் சொல்கிறார்கள். அரபு ஆசிரியைக்கு இதில் நிறைய வருத்தம். வீட்டில் பேசும் அரபிக்கும் புத்தக அரபிக்கும் உள்ள தூரமும் ஒரு காரணம் என்றார். நம் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் போல என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் ஊரில் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். பள்ளியில் பெற்றோருக்கு மாலை அரபி வகுப்பு இருக்கிறது, சேர்ந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் மகன் இப்போது வேறொரு அரபுப் பாலர் பள்ளிக்குப் போகிறான். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளும் பூங்காவில் விளையாடுகிறார்கள். ஜனவரியில் மறுபடி பதிவு திறக்கிறது. அவனுக்காக இருவரும் சேர்ந்தே போகிறோம். எந்த நாள், எந்த நேரம் பார்ப்பார்கள் என்று இந்த முறை முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வைத்திருக்கிறோம்.