கோத்தகிரியிலிருந்து நோயெதிர்ப்பியல் ஆய்வுக்கு

எம்.பி.பி.எஸ். படிக்காமல், எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பத்தை வைத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரியில் நோயெதிர்ப்பியல் முனைவர் பட்டம் செய்ய முடியுமா என்று கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் (2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய்) பணக் கவலை பாதி தீரும். சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடங்கள் உண்டு, படித்தால் தேறிவிடலாம். காலத்தை விழுங்குபவை வேறு: மனிதர்களிடம் செய்யும் ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், எடுத்த ரத்தத்தை அதன் செல்கள் சாகுமுன் ஆய்வகத்தில் சேர்ப்பதும்தான்.

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு அரிவாள் செல் சோகை; சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய் இது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இதன் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்பஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1952-இலேயே எழுதிவிட்டார்கள். இந்நோயில் மண்ணீரல் சிறுவயதிலேயே சிதைந்து, நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற உறையுள்ள பாக்டீரியாக்களை எதிர்க்கும் திறன் குறையும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் இந்தியாவில் பரவலாக உள்ள வகையில் கருநிலை ஹீமோகுளோபின் (குழந்தை கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) அதிகம். பலருக்கு மண்ணீரல் சுருங்காமல் வீங்கியே நீடிக்கிறது. அத்தகையோரின் பி செல்கள் (எதிர்ப்புப் பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) எந்நிலையில் இருக்கின்றன என்பதே என் கேள்வி.

நெறிமுறைக் குழு என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியபோது எரிச்சல்பட்டேன் என்றாலும், அவர்கள் கேட்டது நியாயமானது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில் எழுதிவிட்டால் போதாது. இருளர் குடியிருப்பில் அதை அவர்கள் பேச்சில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். பத்து மில்லி என்பதை இரண்டு தேக்கரண்டி என்று விளக்கியபோது ஒரு பாட்டி, "எடுத்துட்டுப் போறது சரி பாப்பா, எனக்கு என்ன இருக்குன்னு யார் வந்து சொல்லுவாங்க?" என்று கேட்டார். குழுவின் கேள்வியும் ஏறக்குறைய அதுவே. முடிவுகளை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வழியாக ஒவ்வொருவருக்கும் நேரில் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்த பிறகே ஒப்புதல் கிடைத்தது.

அடுத்தது குளிர். ரத்தம் என்றாலே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வெள்ளணுக்களை உயிரோடு பிரிக்க, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாயை அறை வெப்பநிலையில்தான் கொண்டுபோக வேண்டும். மார்கழிக் காலையில் கோத்தகிரியில் 'அறை வெப்பநிலை' என்று ஒன்று கிடையாது என்பதால், குழாய்களைத் தெர்மோகோல் பெட்டிக்குள் கம்பளித் துணியில் சுற்றி, வெப்பமானி ஒன்றையும் செருகி, மேட்டுப்பாளையம் வழியாக அன்றைக்கே கோவைக்கு இறக்குவோம். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்று ரத்தம் எடுப்பதே இல்லை. வீணாகப் போவதற்காக ஒருவர் கையில் ஊசி குத்துவது தகாது.

ஆய்வகத்தில், செல்களை அடர்த்திப்படி பிரிக்க உதவும், மில்லிக்கு 1.077 கிராம் அடர்த்தியுள்ள ஃபைகால் கரைசலின் மேல், உப்புநீர் கலந்த ரத்தத்தைக் குழாயின் சுவரை ஒட்டி மெல்ல வழியவிட்டு, மையவிலக்கியின் பிரேக்கை அணைத்து அரைமணி நேரம் சுழற்றினால், நடுவில் வெண்ணிற வளையமாக நமக்கு வேண்டிய செல்கள் நிற்கும். அரிவாள் செல் நோயாளிகளின் ரத்தத்தில் முதிராத சிவப்பணுக்களும் அந்த வளையத்தில் கலந்துவிடுவதால், அம்மோனியம் குளோரைடால் அவற்றை உடைத்த பிறகே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அலசும் முறை) எடுத்துச் செல்ல முடியும். இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் லேப் டெக்னீஷியன் அண்ணன். பேராசிரியர்கள் மையவிலக்கியைத் தொட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் நெடுநேரம் கேட்டது ஒப்பீட்டுக் குழுவைப் பற்றித்தான்: கோவை ரத்த வங்கியில் எளிதாகக் கிடைக்கும் ரத்தத்தை விட்டுவிட்டு, அதே குடியிருப்புகளில் நோயில்லாதவர்களை ஏன் தேடி அலைந்தீர்கள்? குடற்புழுவும் சத்துக்குறைவும் தாமாகவே நோயெதிர்ப்புச் செல்களை மாற்றிவிடும். நகரத்து ரத்தத்தோடு ஒப்பிட்டால் தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா, வாழும் சூழலால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போனார். அன்று மாலையே பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள்.